கதரணிந்த விசுவாசம்

பெரிய காஞ்சிபுரத்தில், ஏகாம்பரநாதர் ஆலயத்தைச் சூழ்ந்த வீதிகளில் தறியோட்டி வாழும் மக்களிடையே இருந்துகொண்டு, கிறிஸ்தவ விசுவாசத்துக்கு எது அத்தாட்சி என்று யோசிக்கும்போதெல்லாம், எத்தனையோ பிரசங்கங்களைவிட, 1921-ஆம் ஆண்டில் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை ஸ்தாபித்த இரு வைத்தியர்களே என் சிந்தையில் முன்வந்து நிற்கிறார்கள். தமிழராகிய சவரிராயன் ஏசுதாசன் பெரியண்ணன் என்று அழைக்கப்பட்டார். கம்பளிநூல் ஆலைகளால் செல்வம் கொழித்த ஸ்காட்லாந்துக் குடும்பத்தில் பிறந்த எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் சின்னண்ணன் என்று அழைக்கப்பட்டார். ஆளும் இனத்தவர் ஒருவர், ஆளப்படும் தேசத்தவரைத் தமையனாக ஏற்று, கதருடுத்தி, பிரமசரியம் பூண்டு, ஏழைக் கிராமத்தாருக்கு வைத்தியம் செய்வதையே தம் ஆராதனையாகக் கொண்டார் என்பதை அக்காலச் சூழலில் வைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை விளங்கும். 1932-இல் சென்னை வீதியில், கதருடையோடு நின்ற அவரைப் போலீசார் தடியால் அடித்ததும் உண்டு. அவர்கள் எழுப்பிய ஜெபாலயமும் திராவிடக் கோயிற் சிற்பமுறையிலேயே அமைந்தது. இவர்களை எண்ணும்போது, விசுவாசப் பிரமாணத்தைப் பிழையின்றி ஒப்புவித்துவிட்டு, அண்டைவீட்டு நெசவாளியின் துயரைப் பாராமல் கடந்து போகிறவருடைய பக்தியை நான் பக்தியென்று ஒப்பேன். ஆகவே, இவ்வூர்ச் சபையார் வருகிற கிறிஸ்துமஸ் அலங்காரச் செலவில் ஒரு பாகத்தையாவது, ஜரிகை வேலையின் நுணுக்கத்திலேயே ஆயுளைக் கழித்துப் பார்வை மங்கிய முதிய நெசவாளர்களின் கண் வைத்தியத்துக்கு, அவர்கள் எம்மதத்தினர் என்று வினவாமல், ஒதுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.