பாடத்துக்கும் ஒரு பாயிரம் வேண்டும்

எங்கள் அடுத்த வீட்டுக்காரர் கண்டிப்பானவர். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனைக் கூடத்து மூலையில் உட்கார வைத்துவிட்டு, தாம் எதிரே நாற்காலி போட்டுக்கொண்டு இரவு ஒன்பது மணி வரை காவல் இருப்பார். சென்ற வாரம் ஒரு நாள் அவருடைய குரல் சுவரைத் தாண்டி வந்தது.

“ஏண்டா, கால் மணியாகப் பார்க்கிறேன், பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருக்கிறாயே! படிக்கிறாயா, படம் பார்க்கிறாயா?”

“இல்லேப்பா, நாளைக்கு ஸார் புதுப் பாடம் ஆரம்பிக்கிறார். என்ன வருதுன்னு பார்க்கிறேன்.”

“நடத்தாத பாடத்தில் நீ என்னத்தைப் பார்க்கிறது? நடத்தினதை முதலில் உருப்போடு!”

பையன் வாயை மூடிக்கொண்டு பழைய பாடத்துக்குத் திரும்பிவிட்டான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. தகப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவே போய்ப் புத்தி சொல்வது மரியாதையாகாது. ஆகவே அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அவரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்தாம்.

அந்தப் பையன் செய்தது சோம்பேறித்தனம் என்று அவர் நினைக்கிறார். படிப்பிலே அதைவிடப் புத்திசாலித்தனமான காரியம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

சினிமாக் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்ற காலம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். உள்ளே கதைச் சுருக்கம் இருக்கும். கதாநாயகி காட்டில் தனியே நிற்கிற இடத்தில் அது நின்றுவிடும். ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு உள்ளே போனவர்கள் யாரும், கதை தெரிந்துவிட்டதே என்று டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. யார் மாமன், யார் மைத்துனன் என்ற குழப்பம் இல்லாமல் முதல் காட்சியிலிருந்தே ரசித்துப் பார்த்தார்கள். சினிமாவுக்குச் செய்த இந்த உபகாரத்தை நாம் பௌதிகப் பாடத்துக்குச் செய்வதில்லை.

இது நமக்குப் புதிய விஷயமும் அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூல் எழுதினார். எழுத்து என்றால் என்ன என்று சொல்லத் தொடங்கும் முன்பே அங்கே பாயிரம் வந்துவிடுகிறது. நூல் எப்படி இருக்க வேண்டும், ஆசிரியர் யார், அவர் எப்படி நடத்த வேண்டும், மாணாக்கர் யார், அவர் எப்படிக் கற்க வேண்டும் என்று பொதுப்பாயிரம் சொல்லும். சிறப்புப்பாயிரத்தில் எட்டு விஷயங்கள் இருக்க வேண்டும் என்பது விதி: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். இந்த நூல் யாருடையது, எதைப் பற்றியது, யாருக்காக, இதனால் என்ன பிரயோஜனம் என்பதையெல்லாம் அறிந்த பிறகே மாணவன் முதல் சூத்திரத்துக்குள் காலை வைத்தான். இன்று நம் பிள்ளைகளில் எத்தனை பேர் தங்கள் பாடநூலின் பொருளடக்கத்தை ஒரு தடவையாவது வாசித்திருப்பார்கள்? கேட்டுப் பாருங்கள்.

ஊரானைச் சொல்வானேன்? நானே வாசித்ததில்லை. கல்லூரியில் எங்களுக்குப் பொருளாதாரத்தில் தலையணை மொத்தத்தில் ஒரு புத்தகம். பிள்ளையார் சுழியிலிருந்து ஆரம்பித்து, வரிக்கு வரி சிவப்பு மசியால் கோடு போட்டுக்கொண்டே போனேன். எல்லா வரியும் முக்கியமாகத்தான் பட்டது. பரீட்சை வந்தபோது புத்தகத்தின் மூன்றில் ஒரு பங்கைத்தான் தாண்டியிருந்தேன். அந்தத் தாள் போயிற்று. மறுபடி எழுத உட்கார்ந்தபோது விடுதியில் மூத்த மாணவர் ஒருவர், “பொருளடக்கத்தைப் பார்த்தாயா தம்பி?” என்று கேட்டார். விழித்தேன். அவர் பென்சிலை எடுத்து அத்தியாயங்களை நான்கு வளையங்களாகப் போட்டுக் காட்டினார். அவ்வளவு பெரிய புத்தகம் நான்கே விஷயங்களைத்தான் பேசியது! நான் ஒரு வருஷம் கோடு போட்டதெல்லாம் முதல் வளையத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. அந்த வளையங்கள் பரீட்சைக்கு முந்திய வருஷமே கிடைத்திருந்தால் என் தகப்பனாருக்கு ஒரு பரீட்சைக் கட்டணமாவது மிஞ்சியிருக்கும்.

முந்தித் தெரிவதற்கும் பிந்தித் தெரிவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை 1972-இல் அமெரிக்காவில் பிரான்ஸ்போர்டு, ஜான்சன் என்ற இரு மனத்தத்துவ அறிஞர்கள் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு சிறு பத்தியை வாசித்துக் காட்டினார்கள். கடினமான சொல் ஒன்றுகூட அதில் இல்லை. சாமான்களை வகை வகையாகப் பிரிக்க வேண்டும், ஒரே தடவையில் அதிகம் போட்டுவிடக் கூடாது, முடிந்ததும் மறுபடி பிரித்து அதனதன் இடத்தில் வைக்க வேண்டும் என்கிற தோரணையில் போகும். கேட்டவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். விஷயம் வேறொன்றுமில்லை, துணி துவைப்பது! இதை முன்னாலேயே தெரிந்துகொண்டு கேட்டவர்கள், பத்தியில் இருந்த 18 கருத்துகளில் சராசரி ஏறக்குறைய 6 கருத்துகளைத் திருப்பிச் சொன்னார்கள். தெரியாமல் கேட்டவர்களால் 3 கூடச் சொல்ல முடியவில்லை. கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. பத்தியைக் கேட்டு முடித்த பிறகு ‘இது துணி துவைப்பதைப் பற்றி’ என்று சொல்லப்பட்டவர்கள் இருந்தார்களே, அவர்களும் 3-ஐ எட்டவில்லை. கேட்கும்போது மனத்திலே மாட்டி வைக்க ஆணி இல்லை. பிறகு ஆணி அடித்து என்ன செய்வது? நம் வீடுகளில் பாடம் நடந்து முடிந்த பிறகு ட்யூஷன் வைக்கிறோமே, அப்போது எனக்கு இந்தச் சோதனைதான் நினைவுக்கு வருகிறது.

சரி, எப்படிப் பார்ப்பது? ஓஹியோ மாகாணப் பல்கலைக் கழகத்தில் இருந்த பிரான்சிஸ் ராபின்சன் என்பவர் 1946-இல் வெளியிட்ட புத்தகத்தில் ஐந்து படிகள் கொண்ட முறை ஒன்றைச் சொன்னார். முதலில் மேலோட்டமாகப் பார்வையிடுவது, பிறகு கேள்வி எழுப்புவது. வாசிப்பது மூன்றாவதுதான். அதன் பின்னர் பார்க்காமல் சொல்லிப் பார்ப்பதும், திரும்பிப் பார்ப்பதும். பார்வையிடுவது என்றால் தலைப்பு, உட்தலைப்புகள், படங்களின் கீழே உள்ள வரிகள், கடைசிச் சுருக்கம், அவ்வளவுதான். பத்து நிமிஷத்துக்கு மேல் போனால் அது பார்வையிடல் அல்ல, அரைகுறைப் படிப்பு.

எல்லாப் பாடத்துக்கும் ஒரே மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். சரித்திரத்தில் வருஷங்களையும் வரைபடத்தையும் முதலில் பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும். செய்யுள் என்றால் அர்த்தம் புரியாவிட்டாலும் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிட வேண்டும், காது பழகிவிடும். கணக்கில்தான் சங்கடம். தலைப்புகளை மட்டும் புரட்டிப் பிரயோஜனமில்லை. புதுக் கணக்குக்கு எந்தப் பழைய கணக்கு வேண்டியிருக்கிறது என்று பார்த்து, அதில் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போகலாம்.

பாடத்தின் கடைசியில் அச்சிட்டிருக்கும் கேள்விகளை முதலிலேயே படிப்பது இன்னும் நல்லது. தெரியாத பாடத்துக்குப் பதில் எப்படிச் சொல்வான் என்று கேட்கலாம். தப்பாகவே சொல்லட்டும். முன்கூட்டிக் கேள்வி கேட்டு, தவறாகப் பதில் சொல்லவிட்டு, அப்புறம் படிக்கச் சொன்னால் படித்தது நன்றாகத் தங்குகிறது என்று 2009-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டியது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. எந்த முன்னுரையும் பயன் தரும் என்று நினைத்துவிடக் கூடாது. டேவிட் ஆசுபெல் என்பவர் 1960-இல், எஃகைப் பற்றிய 2,500 வார்த்தைப் பாடத்துக்கு முன்னால் மாணவர்களுக்கு 500 வார்த்தை முன்னுரை கொடுத்தார். ஒரு சாராருக்கு எஃகு செய்த சரித்திரம். மற்றவர்களுக்கு உலோகமும் கலப்பு உலோகமும் எதில் ஒன்று, எதில் வேறு என்ற விளக்கம். இரண்டாம் சாரார்தாம் அதிகம் விடை எழுதினார்கள். அதுவும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசமில்லை, கொஞ்சம்தான். முன்னோட்டம் பார்த்த பையன் பாடத்தைப் படிக்காமல் தூங்கினால் முன்னோட்டம் அவனைக் காப்பாற்றாது. ‘முக்கிய வினாக்கள்’ என்று கடையில் விற்கிறதே, அதைப் புரட்டுவதும் இதில் சேராது. அது வீட்டைப் பார்க்காமல் வாசற்கதவை மட்டும் பார்த்துவிட்டு வருகிற கதை.

இவ்வளவு வற்புறுத்துவதற்கு எனக்கு வேறொரு காரணம் உண்டு. படித்த குடும்பத்துக் குழந்தைக்கு முன்னோட்டம் இனாமாகக் கிடைத்துவிடுகிறது. சாப்பிடும்போது அப்பா தேர்தலைப் பற்றிப் பேசுகிறார். அம்மா ரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேசுகிறாள். குடிமையியலும் உயிரியலும் வகுப்பில் வருகிறபோது அந்தக் குழந்தைக்கு அவை ஏற்கெனவே தெரிந்த முகங்கள். செங்கல் சூளையில் வேலை பார்க்கிறவர் மகளுக்கோ எல்லாமே அந்நிய முகம். அவளுக்குப் பாடம் ஆரம்பிக்கும் முன்னால் முகத்தைக் காட்டி வைக்க ஆசிரியர் ஒருவர்தாம் இருக்கிறார். 2018 முதல் வந்த நமது அரசுப் பாடநூல்களில் பல பாடங்களின் தலைப்பிலேயே ‘கற்றல் நோக்கங்கள்’ என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அதை வாசித்து, “நாளைக்கு இதுதான், இரண்டு படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்” என்று சொல்லி அனுப்பினால், அந்தப் பெண்ணுக்கு மறுநாள் காலை வகுப்பு வேறு மாதிரியாக இருக்கும். பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். அவர்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் இதே பிள்ளைகளுக்குப் பொதுத் தேர்வில் பேனாவைத் தொடும் முன் வினாத்தாளைப் படித்துப் பார்க்க 10 நிமிஷம் கொடுக்கிறோம். பரீட்சை கேட்கப் போவதைப் பார்க்க 10 நிமிஷம் உண்டு. பாடம் சொல்லப் போவதைப் பார்க்க 5 நிமிஷம் இல்லையா?

இதை எழுதி முடிப்பதற்குள் அடுத்த வீட்டுக்காரரை வாசலில் பார்த்தேன். மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டார், நம்பினதாகத் தெரியவில்லை. “பத்து நிமிஷம்தானே ஸார்? பார்க்கட்டும்” என்றார். நேற்று இரவு பையன் பக்கத்தில் ஒரு கடிகாரமும் உட்கார்ந்திருந்தது.