பிள்ளைகள் கட்டும் மெட்டு

ஆண்டு விழா வந்துவிட்டால் பள்ளிகளில் முதலில் தேடப்படுவது பென் டிரைவ். அதில் நாலு சினிமாப் பாட்டு இருக்கும். மைக் செட்காரர் அதைச் சொருகுவார், பிள்ளைகள் ஆடுவார்கள். பாட்டு நடுவில் நின்றுபோனால் பிள்ளைகளும் கையைத் தொங்கவிட்டு நின்றுவிடுவார்கள். இசையும் தொழில்நுட்பமும் நம் பள்ளிகளில் சந்திப்பது பெரும்பாலும் இப்படித்தான். ஸ்மார்ட் போர்டு வந்த வகுப்பறையிலும் யூடியூபில் பாட்டு ஓடுகிறது, வகுப்பு பார்த்துக்கொண்டிருக்கிறது. கருவி பாடுகிறது, பிள்ளை கேட்கிறது. இதைத் திருப்பிப் போட வேண்டும். பிள்ளை பாடட்டும், தட்டட்டும், மெட்டுக் கட்டட்டும், கருவி கேட்கட்டும்.

இதற்காகப் பெரிய டெண்டர் விட வேண்டியதில்லை. எந்தச் செல்பேசியிலும் ஒலிப்பதிவு வசதி உண்டு. புதுச்சேரி அரசு பிளஸ் 1, பிளஸ் 2 மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளை ஏற்றினால், பதிந்த ஒலியை வெட்டலாம், ஒட்டலாம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். கூகுளின் குரோம் மியூசிக் லேப் 2016 முதல் காசில்லாமல் கிடைக்கிறது. கட்டத்தில் வண்ணம் வைப்பதுபோல் சுரத்தை வைத்தால் அது வாசித்துக் காட்டும்.

நகரத்துப் பள்ளி ஒன்றின் ஏழாம் வகுப்பை எண்ணிப் பாருங்கள். ஆசிரியரின் ஒரே செல்பேசியோடு பிள்ளைகள் ஒரு காலை வெளியே போய் வருகிறார்கள். பெரிய மார்க்கெட்டில் மீன்காரம்மா விலை கூவுவது, கடற்கரைச் சாலைப் பாறைகளில் அலை மோதுவது, மாதா கோயில் மணி. திரும்பி வந்து அந்தக் கூவலில் நாலு விநாடியை மட்டும் வெட்டி எட்டு முறை அடுக்குகிறார்கள். அதுவே தாளமாக நடக்கத் தொடங்குகிறது. அதன்மேல் ஒரு மாணவி மோகனத்தில் ஒரு வரி பாடுகிறாள். பதிவைப் போட்டுக் கேட்டால் தைவதம் இறங்கியிருப்பது அவளுக்கே தெரிகிறது. ஆசிரியர் சொல்லும் முன்னே ‘இன்னொரு தடவை’ என்கிறாள். எத்தனை திட்டு வாங்கினாலும் வராத சுருதி ஞானம் அந்த ஒரு தடவையில் வந்துவிடும்.

இது வெறும் விளையாட்டு என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1948-இல் பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர் ரயில் ஓசைகளைப் பதிந்து, வெட்டி, கோத்தே இசை படைத்தார். அதிலிருந்து ஒரு மரபே கிளைத்தது. பிரெஞ்சுத் தெருப்பெயர்களை இத்தனை பத்திரமாக வைத்திருக்கும் ஊர் இதையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமே. மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பரில் இறந்தபோது ஊரே திரண்டு அழுதது. அவள் காலடி ஓசையை ஒரு வகுப்பு பதிந்து வைத்து, அதற்கொரு பாட்டும் கட்டியிருந்தால், இன்று அதற்கு விலை ஏது?

சங்கீதம் தெரிந்தவர்களின் மறுப்பு கனமானது. கணினிக் கட்டத்துக்குள் கமகம் அடங்காது. தோடியின் காந்தாரத்தை எந்தக் கட்டத்தில் வைப்பது? சரளி வரிசை சாதகம் செய்ய வேண்டிய வயதில் பொத்தானை அழுத்தினால் குரல் எங்கிருந்து வரும்? பாரதியே இந்தக் கட்சிதான் என்றும் சொல்லலாம். ஹார்மோனியப் பெட்டி அவருக்குப் பிடிக்காது. 1840-களில் பாரிஸில் தெபேன் என்பவர் காப்புரிமை பெற்ற அந்தப் பெட்டியை அகில இந்திய வானொலியும் 1940 முதல் 1971 வரை விலக்கியே வைத்தது.

ஆனால் அதே பாரதி, ‘சங்கீத விஷயம்’ கட்டுரையில், போன இடமெல்லாம் அதே நாலைந்து கீர்த்தனைகளைத் திரும்பத் திரும்பப் பாடும் வித்வான்களையும் விட்டுவைக்கவில்லை. புதுச்சேரியில் இருந்த பத்தாண்டில் அவர் பாட்டு எழுதியதோடு நிற்காமல் ராகமும் தாளமும் குறித்து வைத்தவர். அவருடைய இரண்டு கோபத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். காதைக் கெடுக்கும் கருவியும் வேண்டாம், அரைத்த மாவையே அரைக்கும் வகுப்பும் வேண்டாம். மேலும், 1979-இல் பெங்களூரின் ராஜ் நாராயண் உருவாக்கிய மின்னணுத் தம்பூரா இன்று கச்சேரி மேடை வரை வந்துவிட்டது. அதனால் சங்கீதம் அழிந்துவிடவில்லை. கட்டத்தில் கமகம் வராது என்பதே ஒரு பாடம்தான். ஆசிரியர் காந்தாரத்தை அசைத்துப் பாடிக் காட்டி, ‘இதை இந்தப் பெட்டி பாடுமா, பார்’ என்று சொல்லட்டும்.

ஆகவே முதல் தேவை ஆசிரியர். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் இசை படித்து வெளிவருபவர்கள் இருக்கிறார்கள். இசை ஆசிரியர் இல்லாத அரசுப் பள்ளிகளுக்கு அவர்களை அனுப்பிவிட்டு மற்றதைப் பேசலாம். ஆள் இல்லாத வகுப்புக்கு மென்பொருள் வாங்குவது, சமையல்காரர் இல்லாமல் கிரைண்டர் வாங்குவது போல. நம் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறிவிட்டன. 2023-இன் தேசியப் பாடத்திட்டச் சட்டகமும் கலையைக் கூடுதல் வேலையாக இல்லாமல் பாடமாகவே வைக்கச் சொல்கிறது. அப்படியானால் மதிப்பெண்ணும் அதற்கேற்ப மாற வேண்டும். ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்கு ஒருமுறை, தானே உருவாக்கிய இரண்டு நிமிட ஒலிப்பதிவு ஒன்றைத் தர வேண்டும் என்று கல்வித் துறை விதிக்கட்டும். இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் அரை நிமிடத்தில் முழுப் பாட்டைத் துப்பும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை இந்த வகுப்புக்கு வெளியே நிறுத்தலாம். அவை அந்தப் பழைய பென் டிரைவின் பேரப்பிள்ளைகள்.

இன்னொன்றும் கேட்கிறோம். 1982-இல் பிரான்சில் தொடங்கிய இசைத் திருநாள் ஆண்டுதோறும் ஜூன் 21 அன்று வருகிறது. யார் வேண்டுமானாலும் தெருவில் நின்று வாசிக்கலாம் என்பதே அதன் கணக்கு. நம் ஊரிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் அதைக் கொண்டாடி வருகிறது. அடுத்த ஜூன் 21 மாலை, கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு முன் ஒரு மணி நேரத்தை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். மேடையில் பென் டிரைவ் சொருகும் துளையை மட்டும் அன்றைக்கு அடைத்து வையுங்கள்.