கண்டுபிடிப்பவரைக் கைவிடலாமா?

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, சேதராப்பட்டு)



விஞ்ஞானி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுபவர் யார்? வெள்ளை அங்கி அணிந்து, கண்ணாடிக் குழாய்களுக்கு நடுவே நிற்பவர்தானே? எனக்கோ, எங்கள் தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் மாமாதான் நினைவுக்கு வருகிறார். வேர்க்கடலைத் தோலைப் போட்டு எரிக்கும் அடுப்பு ஒன்றைப் பழைய தகர டின்னில் அவர் செய்தார். அதன் அடியில் சிறு விசிறியைப் பொருத்தி, சூரியத் தகட்டிலிருந்து மின்சாரம் கொடுத்தார். அதில் என் பாட்டி கண் கரிக்காமல், இருமாமல் சோறு வடித்தார். அதைப் பத்துப் பேருக்குச் செய்து கொடுக்க எண்ணிக் கடன் கேட்கச் சென்றார் மாமா. "நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்களாம். அடுப்பு எப்படி எரிகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்று அது பரண்மேல் கிடக்கிறது.

இதற்கு மாறான ஒரு கதையும் நம் தமிழ்நாட்டில் உண்டு. திருவண்ணாமலையைச் சேர்ந்த பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், தெருவில் இஸ்திரி போடுவோர் நாள்தோறும் கரி எரிப்பதைக் கண்டார். கூரையில் சூரியத் தகடு பொருத்திய இஸ்திரி வண்டியைத் திட்டமிட்டார். 5 மணி நேர வெயில் இருந்தால், 6 மணி நேரம் இஸ்திரி போடலாம். 2020-இல் சுவீடன் நாட்டின் குழந்தைகள் பருவநிலைப் பரிசு அவரைத் தேடி வந்தது. 2021-இல் கிளாஸ்கோ நகரில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசினார்.

அவர் கெட்டிக்காரி என்பதில் ஐயமில்லை. ஆயினும், தாளில் வரைந்த படம் தானாகவே வண்டியாகி உருண்டுவிடவில்லை. 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசியப் புத்தாக்க நிறுவனத்தின் பொறியாளர்கள் மாதிரி வண்டியைச் செய்ய உதவினார்கள். அறிவு மாமாவுக்கும் இருந்தது. அவருக்குக் கிடைக்காதது அந்த உதவிக் கரமே!

"இப்படிச் சொல்பவர்களை எல்லாம் நம்ப முடியுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1996-இல் "மூலிகைப் பெட்ரோல்" என்று நாடே பேசியது. பின்னர் அது மோசடி வழக்காகி நீதிமன்றம் சென்றது. ஆகவேதான் முதலில் வேண்டியது சோதனை. எவ்வளவு தோல் எரிந்தது, எவ்வளவு நீர் கொதித்தது, எவ்வளவு புகை வந்தது என்று அளந்து சொல்ல ஓர் இடம் வேண்டும். அது பொய்யரை விலக்கும், மெய்யரை உயர்த்தும்.

இரண்டாவது, உரிமை. ஒரு கண்டுபிடிப்பை ஊரறியக் காட்டிவிட்டால், "புதியது" என்னும் தகுதியே போய்விடக்கூடும். காப்புரிமை அலுவலகத்தில் முதலில் தற்காலிக விவரத்தைப் பதிந்துவிட்டு, 12 மாதங்களுக்குள் முழு விவரத்தைக் கொடுக்கலாம். காப்புரிமை கிடைத்தால் 20 ஆண்டுகள் காவல் உண்டு. இதை மாமாவுக்கு யார் எடுத்துச் சொன்னார்கள்?

மூன்றாவது, சிறு பணம். பட்டத்தைப் பார்த்து அல்ல, சோதனை முடிவைப் பார்த்துத் தர வேண்டும்.

இவை நமக்கு எட்டாதவையா? நம் சேதராப்பட்டிலேயே தொழிற்பேட்டை இருக்கிறது. லேத்தும் வெல்டிங்கும் அறிந்த கைகள் இருக்கின்றன. அருகிலுள்ள ஆரோவில்லில், 15 மீட்டர் விட்டமுள்ள சூரியக் கிண்ணம் சமையற்கூடத்தின் கூரைமேல் நிற்கிறது. வெயிலைக் கொண்டு நீராவி எடுத்துச் சமைக்க அமைத்தது அது. அதுவும் முதலில் சிலர் துணிந்து செய்து பார்த்த சோதனைதானே! தொழிற்சாலைகள் மாதத்தில் ஒரு நாள் தம் பட்டறையைத் திறந்துவிடட்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள் அளவுக் கருவிகளை இரவல் தரட்டும். நம் பள்ளி அறிவியல் மன்றமோ, ஊரில் யார் என்ன செய்கிறார் என்று ஒரு பதிவேடு தொடங்கட்டும். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களுக்கு நாம் எழுதிக் கொடுக்கலாமே!

தோழியரே, வெயில் நமக்கு வஞ்சனையின்றிக் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தும் அறிவும் நம் தெருவிலேயே இருக்கிறது. இனி யாரேனும் புதிதாக ஒன்றைச் செய்து காட்டினால், "என்ன படித்தீர்கள்?" என்று கேட்காமல், "இது எப்படி வேலை செய்கிறது?" என்று கேட்போம். பரண்மேல் கிடக்கும் அடுப்பு கீழே இறங்கட்டும்!