கடலாமையின் தற்காப்பும் நமது கடமையும்

நிலத்து ஆமை அபாயத்தைக் கண்டதும் தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் ஒடுக்கிக்கொள்வதைப் பார்த்துப் பழகியவர்கள், கடலாமைக்கும் அந்தச் சக்தி உண்டென்றே எண்ணுவார்கள். ஆனால் நீந்துவதற்கென்றே துடுப்புகளாக நீண்டுவிட்ட அதன் கால்களுக்கு ஓட்டினுள் இடமில்லை. ஆகவே, சுறா நெருங்கும்போது முதுகோட்டின் அகன்ற பாகத்தை அதன் வாய்க்கு நேரே திருப்பியும், விரைந்து திசை மாறியுமே அது பிராணனைக் காத்துக்கொள்கிறது.

நமது சோழமண்டலக் கரையில் தை தொடங்கிப் பங்குனி வரை முட்டையிட வரும் பங்குனி ஆமை, தன் சந்ததியைக் காக்கும் விதமோ இன்னும் ஆச்சரியமானது. இரவில் கரையேறி, பின்துடுப்புகளால் குழி பறித்து, ஏறக்குறைய 100 முட்டைகளை இட்டு மூடியபின், அந்தத் தாய் தன் உடலை இடமும் வலமுமாக ஆட்டி, அடியோட்டால் மணலைத் தட்டித் தட்டி இறுக்கி, நாயும் நரியும் இடமறியாதபடி சுற்றிலும் மணலை வாரியிறைத்துவிட்டே கடலுக்குத் திரும்புகிறது. சுமார் 50 நாளில் பொரியும் குஞ்சுகள், மேல்மணல் குளிரும்வரை உள்ளேயே காத்திருந்து, இருளில் கூட்டமாக வெளிப்பட்டு, கடற்பக்கம் தெரியும் மெல்லொளியை நோக்கி விரைகின்றன. நண்டும் மீனும் பலவற்றைக் கவர்ந்தாலும், கூட்டத்தின் பெருக்கத்தால் சில தப்புகின்றன.

இத்தனை உபாயங்களும் மனிதனிடம் பலிக்கவில்லை. கரையோர மின்விளக்குகள் குஞ்சுகளைச் சாலைப்பக்கம் இழுக்கின்றன. இழுவலையில் அகப்பட்ட ஆமை, சுவாசிக்க மேலே வர இயலாமல் மூச்சடைத்து மாள்கிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையிலும் அதன் அண்டைக் கரைகளிலும் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியதை நாம் கண்டோம்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த ஜீவனுக்கு உச்சப் பாதுகாப்பை அளித்திருக்கிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடலாகாது என்ற விதியும் இருக்கிறது. நம்மிடம் குறைவது அமலாக்கமே. முட்டையிடும் பருவத்திலாவது கடல் ரோந்து இடைவிடாது நடக்கவேண்டும். வலையினுள் புகுந்த ஆமை வெளியேற வழிவிடும் சாதனத்தை ஒவ்வொரு இழுவலையிலும் பொருத்தவேண்டும். அதனால் மீன்பாடு குறையுமென்று அஞ்சும் மீனவருக்கு அரசாங்கம் ஈடு செய்யவேண்டும். கரையோர விளக்குகளை அந்த மாதங்களில் இரவில் அணைக்கவேண்டும். இயற்கையின் பகைகளை வெல்ல ஆமை யுகயுகாந்தரமாகக் கற்றிருக்கிறது. வலையையும் விளக்கையும் வெல்லக் கற்றுக்கொள்ள அதற்கு அவகாசமில்லை என்பதால், அவற்றை உண்டாக்கிய நாமே அவற்றைக் கட்டுப்படுத்துவதுதான் நியாயம்.