தலைக்கவசத்துள் தண்ணீர்

2013 ஜூலை 16 அன்று, பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்கு வெளியே பணியாற்றிய இத்தாலிய வீரர் லூக்கா பர்மித்தானோவின் தலைக்கவசத்துள் நீர் கசிந்தது. எடையற்ற நிலையில் அந்நீர் கீழே வழியாது, கண்களையும் மூக்கையும் மூடிற்று. பாதுகாப்புக் கயிற்றின் இழுப்பையே வழிகாட்டியாகக் கொண்டு அவர் மீண்டார்.

உடையைக் குளிர்விக்கும் நீர், அடைபட்ட கருவியினின்று காற்றுவழியிற் புகுந்ததே காரணம். ஒரு வாரத்திற்கு முன்பும் கவசத்தில் நீர் காணப்பட்டது. குடிநீர்ப் பையின் கசிவென்று கருதிவிட்டனர். பின்னர்க் கவசத்துள் நீருறிஞ்சும் பஞ்சணையும், சுவாசிக்க ஒரு குழாயும் வைக்கப்பட்டன.

செவ்வாய்ப் பயணத்திலோ, பூமியிடம் வினவி விடை பெறவே 40 நிமிடங்களுக்கு மேலும் ஆகலாம். அங்கே, சிறு அறிகுறியையும் அசட்டை செய்யாத விழிப்பும், அருகிருக்கும் தோழரின் துணையுமே உயிர்க்காவல். இல்லத்திற்கும் இது பொருந்துமன்றோ?