ஐரோப்பியப் படிப்பும் ஏழை மாணாக்கரும்

1959-ஆம் வருஷத்தில் மேற்கு ஜெர்மனியின் உதவியைக் கொண்டு அடையாற்றை அடுத்த கிண்டி வனத்தில் ஐ.ஐ.டி. ஸ்தாபிக்கப்பட்டது. அன்று ஜெர்மானிய ஆசிரியர்கள் இங்கே வந்து போதித்தார்கள். இன்று அதன் மாணாக்கர் ஒரு பருவத்துக்கு அந்நாட்டுச் சர்வகலாசாலைகளுக்குச் சென்று கற்று வருகிறார்கள். இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

1914-ல் ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்டபோது குறுக்கே நின்றது ஆசாரம். இன்று நிற்பது பணம். பரிமாற்ற முறையில் செல்வோரிடம் அங்கே போதனாச் சம்பளம் பெரும்பாலும் வாங்குவதில்லை யென்பது மெய்யே. எனினும் உபகாரச் சம்பளம் பெறாதவன் ஜீவனத்துக்கு மாதம் 992 யூரோ வீதம் கையிலுண்டென்று காட்டவேண்டுமென்பது 2024 செப்டம்பரில் அமுலுக்கு வந்த விசா விதி. ஆறு மாதத்துக்கு நமது நாணயத்தில் ஐந்து லக்ஷத்துக்கு மேலாகிறது. தியாகராயநகர் வர்த்தகர் இதை ஒரு பொருட்டாகக் கருதமாட்டார். அவர் புத்திரனோடு சமமாகப் பரீக்ஷையில் தேறிய நெசவாளி மகன் என் செய்வான்? கடன்படுவான்; அன்றேல் தன் ஸ்தானத்தைப் பிறனுக்கு விடுவான்.

2024-ல் பழைய மாணாக்கர் கிருஷ்ணா சிவுகுலா அக்கலாசாலைக்கு 228 கோடி ரூபாய் வழங்கினார். அத்தகைய கொடையாளிகளும் மத்திய சர்க்காரும் சேர்ந்து, பரிமாற்றத்துக்குத் தேர்ந்த ஏழை மாணாக்கர் அனைவருக்கும் பிரயாணச் செலவும் ஜீவனச் செலவும் அளிக்கும் நிதியொன்று ஏற்படுத்தவேண்டும். அவ்வுதவியும் தேர்ந்தெடுக்கும் அன்றே உறுதி செய்யப்படவேண்டும். விசா மனு நிராகரிக்கப்பட்ட பிறகு வரும் பணத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்?