எல்லையில் நின்றுவிட்ட அனுமதிப்பத்திரம்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலமொன்றில் பதினொரு ஆண்டுகள் கணிதம் கற்பித்த என் தங்கையின் மகள், கணவரின் தொழில் காரணமாகச் சென்ற ஆண்டு தென்மாநிலம் ஒன்றுக்குக் குடிபெயர்ந்தாள். தளபாடங்கள் லொறியில் போய்ச் சேர்ந்தன. சாரதி அனுமதிப்பத்திரத்தையும் சிரமமின்றி மாற்றிக்கொண்டாள். கற்பித்தல் அனுமதிப்பத்திரம் மட்டும் எல்லையில் நின்றுவிட்டது. "மாமா, நான் திரும்பவும் சோதனை எழுதவேணுமாம்" என்று அவள் தொலைபேசியில் சொன்னபோது முதலில் நான் நம்பவில்லை.

அமெரிக்காவை நாம் ஒரே நாடாக எண்ணுகிறோம். கல்வியைப் பொறுத்தவரை அது ஐம்பது நாடுகள். அந்நாட்டு அரசியலமைப்பில் கல்வி என்ற சொல்லே கிடையாது; மத்திக்கு வழங்கப்படாத அதிகாரங்களை 1791ஆம் ஆண்டின் பத்தாவது திருத்தம் மாநிலங்களிடமே விட்டுவிட்டது. ஆகவே ஆசிரியராகும் தகுதியை ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி வகுக்கின்றது. 'பிராக்சிஸ்' என்னும் பரீட்சை பல மாநிலங்களுக்குப் பொதுவானது. ஆனால் சித்திப் புள்ளியை அந்தந்த மாநிலமே நிர்ணயிப்பதால், ஒரே பெறுபேறு ஓரிடத்தில் சித்தியாகவும் அடுத்த இடத்தில் தவறியதாகவும் கொள்ளப்படலாம். டெக்சாஸ் தனக்கெனத் தனிப் பரீட்சைகளை வைத்திருக்கின்றது. வெளிமாநில ஆசிரியருக்கு அங்கே ஓராண்டுச் சான்றிதழ் கொடுப்பார்கள். முன்னைய பரீட்சை ஈடானதென ஏற்கப்படாவிட்டால், அந்த ஓராண்டுக்குள் புதிதாக எழுதவேண்டும்.

மாநிலங்களிடையே ஓர் உடன்பாடு நெடுங்காலமாகவே உண்டு. அதைப் 'பரஸ்பர அங்கீகாரம்' என்று பலரும் அழைக்கின்றனர். என் ஆசிரியபீடத்தில் எவராவது அப்படித் தலைப்பிட்டிருந்தால் வெட்டியிருப்பேன். வெளிமாநிலச் சான்றிதழைப் பரிசீலிக்க உடன்படுகின்றார்களே தவிர, அப்படியே ஏற்க உடன்படவில்லை.

இலங்கையில் ஓர் ஆசிரியை வவுனியாவிலிருந்து மட்டக்களப்புக்குப் போக விரும்பினால், இடமாற்றக் கடிதத்துக்காக ஆண்டுக்கணக்கில் அலையக்கூடும். ஆனால் அவர் பெற்ற பயிற்சி அங்கே செல்லுபடியாகுமா என்று எவரும் கேட்பதில்லை.

குற்றப் பதிவைச் சரிபார்க்க மீண்டும் கைரேகை கேட்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. பிள்ளைகளின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விடயம் அது. மாநிலச் சட்டங்களைப் படித்துவிட்டு வரச் சொன்னாலும் நியாயமே. கணிதப் பரீட்சைதான் எனக்கு விளங்கவில்லை. முக்கோணத்தின் கோணங்கள் மாநிலத்துக்கு மாநிலம் கூடிக் குறைவதில்லையே! கணித, விஞ்ஞான ஆசிரியர்களுக்குத் தட்டுப்பாடு என்று முறையிடும் மாநிலங்களே இப்படி வாசலில் நிறுத்திவைப்பது விந்தை.

மாற்றம் தொடங்காமலும் இல்லை. பத்து மாநிலங்கள் சட்டமியற்றிச் சேர்ந்ததும் 2023இல் ஆசிரியர் இடப்பெயர்வுக்கான புதிய ஒப்பந்தமொன்று நடைமுறைக்கு வந்தது. பட்டமும், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியும், நிரந்தரமான, களங்கமற்ற அனுமதிப்பத்திரமும் உள்ளவருக்கு, சேர்ந்துள்ள மற்றொரு மாநிலம் அதற்கு மிக நெருங்கிய அனுமதிப்பத்திரத்தை வழங்கவேண்டும். தற்காலிக அனுமதிப்பத்திரம் வைத்திருப்போர் இதில் அடங்கார். புதுப்பிக்கும் வேளையில் புதிய மாநிலம் தன் நிபந்தனைகளை விதிக்கவும் இடமுண்டு. படையினருக்கும் அவர்களது வாழ்க்கைத் துணைவருக்கும் மாத்திரம் தற்காலிக அனுமதிப்பத்திரம் பற்றிய விதியிலிருந்து விலக்கு. எல்லா மாநிலங்களும் இன்னும் சேர்ந்துவிடவில்லை.

எனவே குடிபெயர எண்ணும் நம் ஆசிரியர்கள் வீடு பார்ப்பதற்கு முன் புதிய மாநிலக் கல்வித் திணைக்களத்தின் விதிகளைப் பார்க்கட்டும். பழைய அனுமதிப்பத்திரம் காலாவதியாக விடவேண்டாம். சேவைக் கடிதத்தை அதிபரிடம் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். என் மருமகள் அதற்கே மூன்று மாதம் காத்திருந்தாள். இப்போது பதில் ஆசிரியையாக, நாட்கூலிக்கு, கணித ஆசிரியர் தேவையென விளம்பரம் செய்துள்ள அதே பாடசாலையில் கற்பிக்கின்றாள்.